ஒரு நாளும் ஒரு குகையும்

கோடை விடுமுறை நெருங்குகிறதென்றால் நமது தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு விசேஷமான சங்கடம் வந்து சேரும். பரீட்சைத் தாள் திருத்துவதைச் சொல்லவில்லை. அது வருஷந்தோறும் வருகிற ஜலதோஷம் மாதிரி, வந்து போய்விடும். பிள்ளைகளின் பெற்றோர் வந்து, "விடுமுறைக்கு எங்கே அழைத்துக்கொண்டு போகலாம்?" என்று கேட்கிறார்களே, அதைத்தான் சொல்கிறோம். வாத்தியாருக்குத் தெரியாத இடம் இராது என்பது அவர்களுடைய நினைப்பு. அந்த நினைப்பைக் கலைக்க நமக்கும் மனம் வருவதில்லை.

சென்ற ஆண்டு பங்குனியில் ஒரு நாள் மாலை, பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடியானவர் வந்து நமது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். ஒன்றரைக் காணி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல் பயிரிடுகிறவர். அவருடைய மூத்த பெண் நம்மிடம் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக விஷயத்தை எடுத்தார்.

"ஐயா, பக்கத்து வீட்டுப் புள்ளைங்க கிழக்குக் கடற்கரைச் சாலையிலே ஏதோ பூங்காவுக்குப் போய் வந்துச்சாம். உள்ளே குகை இருக்குதாம், கயித்துப் பாலம் இருக்குதாம். எங்க பாப்பா அதிலேருந்து சரியாச் சோறு தின்ன மாட்டேங்குது. எங்க ஆயாவோட சேர்த்து ஆறு பேர் போகணும். சம்சாரத்தோட கம்மலை வச்சாத்தான் ஆகும். போகலாமா, வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்."

நாம் ஒரு கணமும் யோசியாமல் பதில் சொன்னோம். கம்மலை அடகு வைத்துச் சிமெண்டுக் குகை பார்ப்பதா என்று கேட்டோம். உண்மையான குகை, ஆயிரத்து நானூறு ஆண்டுப் பழமையான குகை, ஒரு நாளில் போய் வரும் தூரத்தில் இருக்கும்போது, பொய்க் குகைக்குக் கடன் வாங்குவது புத்திசாலித்தனமல்ல என்றோம். மண்டகப்பட்டுக்குப் போகும் வழியையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தோம். அவர் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, நமக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அன்றிரவு நாம் வெகு திருப்தியாகத் தூங்கினோம்.

இங்கே வாசகர்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் குடியானவரிடம் நாம் சொல்லாமல் மறைத்த சமாசாரம் ஒன்று உண்டு. அதற்கு முந்தின ஆண்டு நாமே குடும்பத்துடன் அப்படிப்பட்ட ஒரு பூங்காவுக்குப் போய் வந்திருந்தோம்.

அந்தப் பிரயாணத்தின் கஷ்டங்களை முதலில் சொல்லிவிடுகிறோம். நாமும் மனைவியும் குழந்தைகள் இருவரும் மாமியாரும் ஆக ஐந்து பேர். வாசலில் கொடுத்த பணம் ஒரு மாத அரிசி, மளிகைச் செலவுக்குச் சமானம். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை உள்ளே விட மாட்டோம் என்றார்கள். எட்டு வயதுப் பையனை ஒரு மரப் பலகையின் முன்னால் நிறுத்தி, உயரம் இரண்டு விரற்கடை குறைகிறதென்று கயிற்று விளையாட்டுக்குச் சேர்க்க மறுத்தார்கள். அது அவனுடைய க்ஷேமத்தை உத்தேசித்துச் செய்த காரியம்தான். ஆயினும் அவன் அழுத அழுகை அதனால் குறைந்துவிடவில்லை. மாமியாரவர்கள் காலை பத்து மணி முதல் மாலை நாலு மணி வரையில் ஒரு பெஞ்சியில் அமர்ந்து, நம் அனைவருடைய செருப்புகளையும் பைகளையும் காவல் காத்தார்கள். குகையோவெனில், இரும்புக் கம்பி கட்டிச் சிமெண்டு பூசிக் கறுப்பு வர்ணம் அடித்தது. உள்ளே ரப்பர் வௌவால்கள். மூலையில் நீல விளக்கு. ஒலிபெருக்கியில் ஓர் உறுமல். நுழைந்து வெளியே வர ஏழு நிமிஷம். அதற்காக வரிசையில் நின்றது ஐம்பது நிமிஷம்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நாம் குடியானவருக்குச் சொன்ன பதிலில் குற்றமில்லை. ஆனால் முடியவில்லை. நம் பெண்ணுக்கு அப்போது பதின்மூன்று வயது. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லும்போது முந்தானையை முறுக்கிக்கொண்டு நிற்கிற சுபாவம். அவள் தலைக்கவசம் அணிந்து, இடுப்பில் பட்டை கட்டி, கயிற்றுப் பாலத்தில் ஏறினாள். சரிபாதி தூரத்தில் நின்றுவிட்டாள். கீழே நின்ற நாம் கையை அசைத்துப் பார்த்தோம், கத்திப் பார்த்தோம். பாலத்தின் மறுமுனையில் நின்ற இளைஞர் ஒருவர் மாத்திரம் கத்தவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. "நேரம் இருக்குதும்மா" என்று மட்டும் சொன்னார். கால் மணி நேரம் கழிந்திருக்கும். பிறகு அவள் தானாகவே ஒரு காலை எடுத்து முன்னே வைத்தாள். மறுகரை சேர்ந்ததும் அவள் சிரித்த சிரிப்பை நாம் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அதன் பிறகு அவள் முந்தானையை முறுக்குவதில்லை. பதின்மூன்று ஆண்டுகளாகத் தகப்பனும் வாத்தியாருமாக இருந்து நம்மால் செய்ய முடியாததை ஒரு கயிறு செய்துவிட்டது.

இதைத்தான் நாம் சொல்லவில்லை. மாதச் சம்பளக்காரர் ஒருவர், தாம் அனுபவித்ததை மற்றவருக்கு வேண்டாம் என்று உபதேசித்த கதை இது.

குடியானவர் சித்திரை மாதத்தில் குடும்பத்துடன் மண்டகப்பட்டுக்குப் போனார். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் அந்தப் பெண் நம்மைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தாள். விசாரித்தோம். விழுப்புரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்து, நடுப்பகலில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். வெயிலில் பாறை கொதித்திருக்கிறது. உள்ளே போனார்கள், தூண்கள் இருந்தன, சுவரில் மூன்று மாடங்கள் இருந்தன, மாடத்துக்குள் ஒன்றுமில்லை. சின்னப் பையன், "சாமி எங்கே?" என்று கேட்டிருக்கிறான். பத்து நிமிஷத்தில் பார்த்து முடித்துவிட்டு, மரத்தடியில் சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பிவிட்டார்கள். தோழிகள் அவளை, "கல்லைப் பார்க்கவா போனே?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். குடியானவர் நம்மை ஒன்றும் சொல்லவில்லை. "நல்ல இடந்தான் ஐயா, எங்களுக்குத்தான் பாக்கத் தெரியலை" என்றார். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் நமக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

பொய்க் குகை, மெய்க் குகை என்று நாம் அன்று பிரித்துப் பேசியதும் சரியான பேச்சல்ல என்று பிறகு தோன்றியது. பிரான்ஸ் தேசத்தில் லாஸ்கோ என்ற குகையை 1940-ஆம் ஆண்டு நான்கு சிறுவர்கள் கண்டுபிடித்தார்கள். ஆதிமனிதர்கள் தீட்டிய காளைகளும் குதிரைகளும் அதன் சுவர்களில் உயிரோடு ஓடுவதுபோல் இருந்தன. 1948-இல் ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். திரள்திரளாக வந்தவர்களின் மூச்சுக்காற்றாலும் விளக்கு வெளிச்சத்தாலும் ஓவியங்கள் கெடத் தொடங்கின. 1963-இல் குகையை மூடிவிட்டார்கள். பிறகு அருகிலேயே அச்சு அசலாக ஒரு செயற்கைக் குகையைக் கட்டி 1983-இல் திறந்தார்கள். இன்று உலகத்தார் போய்ப் பார்ப்பது நகலைத்தான். அதைப் பார்த்து வந்தவர்களை ஏமாந்தவர்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே சிமெண்டில் குற்றமில்லை. அதில் எதைக் காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நம் பிரதேசத்தில் இயற்கைக் குகை ஏன் இல்லை என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. மழைநீர் மண்ணிலுள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும்போது சிறிது அமிலத் தன்மை பெறுகிறது. சுண்ணாம்புக் கல்லை அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அரித்துக் குகையாக்கும். ஆந்திர தேசத்திலுள்ள பேலம் குகை அப்படி உண்டானது. அதன் நீளம் மூன்று கிலோமீட்டருக்கு மேல். விழுப்புரம், செஞ்சி வட்டாரத்துக் குன்றுகளோ கருங்கல். தண்ணீருக்கு மசியாத கல். இங்கே குகை வேண்டுமானால் மனிதன் உளியை எடுத்தாக வேண்டும்.

அப்படி எடுத்தவர்களில் முதன்மையானவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன். மண்டகப்பட்டுக் குடைவரையின் முகப்பிலே வடமொழியில் கிரந்த எழுத்தில் ஒரு சிறு சாசனம் உண்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்புச் சாந்து ஆகிய எதுவும் இல்லாமல், பிரமன், சிவன், திருமால் ஆகிய மூவருக்கும் விசித்திரசித்தன் இந்தக் கோயிலை உண்டாக்கினான் என்பது அதன் செய்தி. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனுடைய பட்டப் பெயர்களுள் ஒன்று. பல்லவர் காலத்துக் குடைவரைகளையும் கோயில்களையும் தேடித் தேடி ஆராய்ந்து நூல் எழுதிய ழூவோ துப்ரேய் துரை புதுச்சேரியில் ஆசிரியராக இருந்தவர் என்பதை நம் தொழில்காரர்கள் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. விடுமுறையை எப்படிச் செலவழிப்பது என்ற சங்கடம் அவருக்கு இருந்திராது.

தை மாதம் அறுவடை முடிந்த கையோடு, நாமே குடியானவர் வீட்டுக்குப் போனோம். இன்னொரு முறை வரவேண்டும், இம்முறை நாமும் நம் குடும்பமும் கூட வருகிறோம் என்றோம். அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மறுபடியும் அதே கல்லா?" என்று தாயாரிடம் முணுமுணுத்தது நம் காதில் விழுந்தது. ஆயா கிழவி மாத்திரம், "வாத்தியாரு நம்மளோட வர்றாருன்னா ஏதோ இருக்குதுடி" என்று நம் மானத்தைக் காப்பாற்றினார்கள்.

வில்லியனூரில் விடியற்காலையில் ஏறினோம். 1879-இல் போட்ட இருப்புப் பாதை அவ்வழியே விழுப்புரத்துக்குப் போகிறது, பஸ்களும் உண்டு. விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்துவிட்டோம். காலைப் பனியில் பாறை குளிர்ந்திருந்தது.

இம்முறை உடனே உள்ளே போகவில்லை. எதிரே புல்லில் எல்லோரும் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். அப்போது பிள்ளைகளிடம், "உங்கள் வீடு எதனால் கட்டியது?" என்று கேட்டோம். ஒருவன் செங்கல் என்றான். ஒருத்தி சிமெண்டு என்றாள். நம் பையன் கம்பி என்றான். கதவு, நிலை, உத்தரம் எல்லாம் மரம் என்று ஆயா சேர்த்துக்கொண்டார்கள். குடியானவர் அந்த வருஷந்தான் கூரையை எடுத்துவிட்டு ஒட்டு வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருந்தார். ஒவ்வொன்றின் விலையும் அவருக்கு மனப்பாடம். அதன் பிறகே சாசனத்தின் செய்தியைச் சொன்னோம்.

குடியானவர் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே குகையைத் திரும்பிப் பார்த்தார். "செங்கல் இல்லாம, மரம் இல்லாம, கம்பி இல்லாம, சாந்தும் இல்லாமயா?" என்றார். எழுந்து போனார். முகப்பின் நடுவிலுள்ள இரண்டு முழுத் தூண்களையும், ஓரங்களில் சுவரோடு ஒட்டிய அரைத் தூண்களையும் கையால் தடவிப் பார்த்தார். அடியும் தலையும் சதுரம். நடுவில் எட்டுப் பட்டை. "இது கொண்டுவந்து நிறுத்தின தூண் இல்லை, சுத்தியும் இருக்கிறதை எல்லாம் எடுத்துட்டுத் தூணை மட்டும் விட்டிருக்கான்" என்று அவரே கண்டு சொன்னார். நாம் வகுப்பில் அரை மணி நேரம் விளக்க வேண்டிய விஷயம் அது. ஒரு தூண் ஒடிந்திருந்தால் வேறொன்று வைக்க முடியாது என்பதையும் அவரே தம் பெண்ணுக்குச் சொன்னார்.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வேலை கொடுத்திருந்தோம். ஒருவன் நூலால் தூணின் சுற்றளவை அளந்தான். ஒருத்தி முகப்பின் இரு கோடியிலும் தடியை ஊன்றி நிற்கிற துவாரபாலகர்களைப் பார்த்துப் படம் வரைந்தாள். இருவரும் ஒரே மாதிரி இல்லை என்று கண்டுபிடித்ததும் அவளே. குடியானவரின் பெண் மூன்று மாடங்களின் முன்னால் வெகு நேரம் நின்றாள். "மூணு சாமிக்கும் ஒரே அளவு வீடா ஐயா?" என்று கேட்டாள். நாம் எத்தனையோ தடவை அந்த இடத்துக்குப் போயும் அந்தக் கேள்வி நமக்குத் தோன்றியதில்லை. ஆயா கிழவிக்குச் செருப்புக் காவல் வேலை இல்லை. அவர்கள் தூணடியில் குளிர்ச்சியாகச் சாய்ந்துகொண்டு, வெற்றிலை போட்டால் இங்கே துப்பக் கூடாது என்று பேரனுக்குக் கட்டளை இட்டுக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து தளவானூருக்கும் போனோம். அங்கேயும் மகேந்திரன் குடைந்த கோயில் ஒன்று உண்டு. வாயிலுக்கு மேலே மகர தோரணம் செதுக்கிய அழகான முகப்பு. ஆனால் அதற்குள் பிள்ளைகளுக்குப் பசி வந்துவிட்டது. பசித்த பிள்ளைக்குச் சிற்பம் காட்டக் கூடாது; மண்டகப்பட்டோடு நிறுத்தியிருக்கலாம்.

வீரதீரம் வேண்டுகிற வயதுப் பிள்ளைகள் இருந்தால் சாலையோடு மேலே செஞ்சிக்குப் போகட்டும். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். உச்சியை நெருங்குகிற இடத்தில் பாறை இயற்கையாகவே பிளந்திருக்கிறது. அதன்மேல் ஒரு சிறு பாலம். அந்தப் பாலத்தில் நின்றுகொண்டு, 1690 முதல் 1698 வரையில் மொகலாயர் படை கீழே முற்றுகையிட்டுக் காத்திருந்த கதையைச் சொன்னால், எந்தப் பூங்காவின் கயிற்றுப் பாலமும் அதற்கு நிகராகாது. 2025-ஆம் ஆண்டு மராட்டிய இராணுவக் கோட்டைகளோடு சேர்த்து இதையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியிருக்கிறது. தண்ணீர் தாராளமாக எடுத்துப் போகவேண்டும். தின்பண்டத்தைக் கையில் ஏந்திப் போகக் கூடாது, குரங்குகள் நம்மைவிடச் சாமர்த்தியசாலிகள். வயதானவர்களுக்குக் கீழேயுள்ள கல்யாண மகாலும் களஞ்சியமும் போதும்.

அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்குத் திருவக்கரை இருக்கிறது. கோயிலும் வக்கிரகாளியும் எல்லோருக்கும் தெரிந்தவை. பௌர்ணமியில் கூட்டம் தாங்காது. ஆனால் பக்கத்திலேயே இந்திய நிலவியல் ஆய்வுத் துறை பாதுகாத்து வருகிற கல்மரங்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, மணலில் புதைந்து, மரத்தின் ஒவ்வோர் அணுவறையிலும் சிலிக்கா நிரம்பிக் கல்லாய்ப் போனவை. கிளையும் வேரும் பட்டையும் இல்லாமல் அடிமரம் மட்டும் கிடப்பதைக் கொண்டு, அவை முளைத்த இடத்திலே சாய்ந்தவை அல்ல என்று அறிகிறார்கள். சொன்னேரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781-லேயே இவற்றைக் குறித்திருக்கிறார். திருவக்கரையை ஒட்டிப் போகிற ஆறு வேறொன்றும் அல்ல. செஞ்சிப் பக்கத்தில் தோன்றி, நம் வில்லியனூரையும் திருக்காஞ்சியையும் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகிற சங்கராபரணிதான். தினமும் பாலத்தின்மேல் சைக்கிளில் போகிற பிள்ளைக்கு இதைச் சொன்னால், அன்று மாலை அவன் ஆற்றை எட்டிப் பார்க்காமல் போகமாட்டான்.

அப்படியானால் பூங்காவுக்கு ஒரு நாள் போவது தகுமா, தகாதா? கடன் இல்லாமல் முடிந்தால் ஒருமுறை போகலாம் என்பதே இப்போது நமது அபிப்பிராயம். ஞாயிற்றுக்கிழமையை விலக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் உயரத்தையும் வீட்டிலேயே அளந்துகொண்டு, எந்த விளையாட்டுக்கு எந்த அளவு என்று முன்னதாகவே விசாரித்துக்கொள்ள வேண்டும். கயிறு, பட்டை, கவசம் இவற்றைப் பூட்டுகிற ஆள் தன் வேலையில் கண்ணாயிருக்கிறானா என்று நின்று பார்க்க வேண்டும். பேச்சுப் பராக்கில் பூட்டுகிறானென்றால் கொடுத்த பணம் போனாலும் போகட்டுமென்று பிள்ளையை இறக்கிவிட வேண்டும். வீட்டுக் கிழவியை அழைத்துப் போவதாயிருந்தால் அவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறதென்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். குகையை மட்டும் பார்க்கப் போகிறவர்கள் மண்டகப்பட்டுக்கே போகலாம். ஆனால் வழியை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்புகிற வாத்தியாரை நம்பிப் போகவேண்டாம்.

திரும்பும்போது பஸ்ஸில் குடியானவர் நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் நம் பெண்ணின் கயிற்றுப் பாலத்துக் கதையை, ஒன்றையும் மறைக்காமல், அவரிடம் சொன்னோம். வளவனூர் தாண்டும் வரையில் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்க பாப்பாவும் பயந்த சுபாவந்தான் ஐயா" என்றார். "கம்மலை வைக்க மாட்டேன். ஆனா ஆறு பேரும் போகணும்னு இல்லையே? பாப்பா மட்டும் போகட்டும். உங்க வீட்டுப் பாப்பாவோட அனுப்புறேன். ஆயா இங்கேயே இருக்கட்டும்."

பின் ஆசனத்திலிருந்து ஆயா, "நான் எதுக்கு அங்கே வரப் போறேன்? என்னை அந்தக் கல்லு வீட்டுக்கே இன்னொரு தடவை கூட்டிட்டுப் போ" என்றார்கள்.

சென்ற வாரம் அந்தப் பெண் ஒரு மண் உண்டியலைக் கொண்டுவந்து நமக்குக் காட்டினாள். குலுக்கினால் சத்தம் வரவில்லை, நிரம்பிவிட்டதாம்.